காலில் எடுத்த குழாய் ஏன் அடைக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 11 வருடம் முன்பு பைபாஸ் செய்தார்கள். இப்போது மறுபடி நெஞ்சுவலி. காலில் எடுத்து வைத்த நரம்பு இரண்டும் அடைத்துவிட்டதாம், நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்தது மட்டும் நன்றாக இருக்கிறதாம். அப்போதே சரியாகத் தைக்கவில்லையா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இல்லைம்மா. தையலில் கோளாறு என்றால் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ரத்தம் உறைந்து அடைத்திருக்கும். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய். படுத்திருக்கும்போது அதில் ரத்த அழுத்தம் 10 அளவுதான். அந்த மெல்லிய குழாயைக் கொண்டுபோய் ஒவ்வொரு துடிப்புக்கும் 120 வந்து மோதுகிற இடத்தில் வைத்தால் அது என்ன செய்யும், தாக்குப்பிடிக்கத் தன் சுவரைத் தடிமனாக்கிக்கொள்ளும். சுவரில் உள்ள தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து பெருகும், வழி குறுகும், அப்புறம் அதன்மேல் கொழுப்பு படியும். இதயத்தின் சொந்தத் தமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) பல பத்தாண்டுகள் பிடிக்கிற வேலை இங்கே சில வருடங்களில் முடிந்துவிடுகிறது. 10 வருடத்தில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைத்தோ மோசமாகச் சுருங்கியோ போகின்றன. நெஞ்சுத் தமனி அந்த அழுத்தத்திலேயே வளர்ந்தது, அதன் உள்சுவரில் குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு நன்றாகச் சுரக்கும், 10 வருடத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருக்கும்.

வலியை வாயுத்தொல்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவே கூடாது, பீடி சிகரெட் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைப்பதென்றால், முடிந்தவரை பழைய சொந்தத் தமனியிலேயே வைக்கப் பார்ப்பார்கள், ஏனென்றால் சிரையில் படிந்த கொழுப்பு பொலபொலவென்று உதிர்ந்து கீழே போய் அடைக்கக்கூடியது.