மதத்துக்குத் தலைவர் யார் என்ற சண்டை ஏன் தீருவதே இல்லை?

'எது உண்மையான மதம், அதை நம்புகிறவர்களுக்கு யார் தலைவர்?' என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள், ஆனால் இவை இரண்டு கேள்விகள். முதலாவது நம்பிக்கை. அதை அளக்க எல்லோருக்கும் பொதுவான படி கிடையாது, அவரவர் வேதமே அவரவருக்குச் சாட்சி. இரண்டாவது அதிகாரம், பெரிய பிளவுகள் பலவும் இங்கேதான் வந்தன.

632-ல் நபிகள் நாயகம் மறைந்ததும் அடுத்து வழிநடத்துவது அவருடைய தோழர் அபூபக்கரா, மருமகன் அலியா என்ற கேள்வியிலிருந்துதான் சன்னி, ஷியா பிரிவு வளர்ந்தது. போப்புக்கு எவ்வளவு அதிகாரம் என்பதும் ஒரு காரணமாகி 1054-ல் கிறிஸ்தவத்தின் ரோம் திருச்சபையும் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையும் முறித்துக்கொண்டன.

நம்ம கொங்குப் பக்கம் கூட்டுக் கிணறு வைத்திருக்கும் பங்காளிகளைப் பாருங்கள். அப்பாரு இருந்தவரை யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்று அவர் சொன்னால் சரி, அவர் போனதும் மோட்டார் ரூம் சாவி யாரிடம் என்பதில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும், தென்னைக்குப் பாய்வது என்னவோ அதே தண்ணீர்தான்.

இந்து சமயத்தில் எல்லோருக்குமான ஒரே தலைவர் இல்லை. கோவையிலேயே பேரூர், சிரவை என்று இரண்டு ஆதீனங்கள் உண்டு.

அப்புறம், சன்னியும் ஷியாவும் வேறு வேறு கடவுளை வணங்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. இருவருக்கும் இறைவன் ஒருவனே, வேதமும் அதே குர்ஆன்தான்.