மகளின் சிகிச்சைக்கு வீட்டை விற்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி என்றாள். வயிற்றுக் கோளாறு என்றே மருந்து கொடுத்தோம். நடை தள்ளாடத் தொடங்கியதும்தான் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இனி கதிர்வீச்சு, கீமோ. எங்களிடம் கொஞ்சம் வைப்புத்தொகை, என் ஓய்வுக்காலச் சேமிப்பு, கடன் இல்லாத வீடு இருக்கின்றன. கணவர் சொந்தத் தொழில் செய்கிறார். மருத்துவக் காப்பீடு என் வேலை வழியாக வருகிறது. வீட்டை விற்றுவிட்டு, வேலையையும் விட்டு அவளுடனேயே இருக்க நினைக்கிறேன். கதிர்வீச்சில் ஒரு வகையான புரோட்டான் சிகிச்சைக்கு வெளியூர் போகச் சொல்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வீட்டை விற்பது, வேலையை விடுவது இரண்டும் இப்போது வேண்டாம். வேலையை விட்டால் சம்பளத்தோடு காப்பீடும் போய்விடும். நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு புதிதாகக் காப்பீடு எடுப்பது சுலபமில்லை. நீண்ட விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு, பாதி நேர வேலை என்று எது கிடைக்கும் என முதலில் கேளுங்கள். அந்த விடுப்பில் காப்பீடு தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டிக்கு, அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். தள்ளிப்போவது நல்லதல்ல. அதற்குள் வீடு விற்றுப் பணம் கைக்கு வராது. அவசரத்தில் விற்கிறவர் என்று தெரிந்தால் விலையையும் அடித்துப் பேசுவார்கள். முதலில் வைப்புத்தொகையை உடையுங்கள். போதாவிட்டால் வீட்டின் மேல் கடன் வாங்கலாம், ஆனால் முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுக்காமல் தேவைப்படும்போது எடுக்கிற வகையில். ஓய்வுக்காலச் சேமிப்பு கடைசியில் தொட வேண்டியது.

ஏன் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் என்றால், இந்தச் செலவு ஒரே பில்லில் முடியாது. கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள் வீதம் சுமார் ஆறு வாரம், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சேர்த்து. இதைக் கணக்குப் போட்டுவிடலாம். அப்புறம் பல மாதக் கீமோ. அங்கேதான் கணக்கு உதைக்கும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாளில் காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சில நாள் அங்கேயே இருக்க வேண்டியும் வரலாம். அதற்கான பணம் எந்த நேரமும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில், உங்கள் இருவர் பெயரிலும் இருக்கட்டும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவது, தினப் பயணம், கணவரின் தொழில் படுத்துக்கொள்ளும் மாதங்கள் என்று பில்லில் வராத செலவுகளையும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வாருங்கள்.

பெரும்பாலானோர் மறப்பது அதற்கப்புறம் வருவதை. சிகிச்சை முடிந்த பின்னும் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கொரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், போகப்போக இடைவெளி கூடும். கதிர்வீச்சால் வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் குறையலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். பாடங்களைப் புரிந்துகொள்ளும் வேகம் குறைந்து தனிக் கவனிப்பு தேவைப்படலாம். பேச்சு, நடைப் பயிற்சிகளும் இருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் வராது, ஆனால் இது பல ஆண்டுச் செலவு. கட்டி பரவாமல், அறுவையில் நன்றாக அகற்றப்பட்ட 'சராசரி அபாய' வகையில் பத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதும் கையில் பணம் வேண்டும் என்று வைத்துத்தான் திட்டம் போடுகிறேன்.

அதனால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தண்டுவடத்துக்குப் பரவியிருக்கிறதா? அறுவைக்குப் பின் கட்டி மிச்சம் எவ்வளவு? மரபணுச் சோதனையில் எந்தப் பிரிவு? மெடுல்லோபிளாஸ்டோமாவில் நான்கு முக்கியப் பிரிவுகள் உண்டு. அதில் டபிள்யூ.என்.டி. பிரிவுக்குப் பலன் மிக நன்றாக இருக்கும். இந்தப் பதில்கள் சிகிச்சையின் தீவிரத்தை மாற்றும், அதோடு உங்கள் பட்ஜெட்டையும்.

புரோட்டானைப் பொறுத்தவரை, தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கும் இதயம், குடல் போன்ற உறுப்புகளுக்குக் கதிர் குறைவாகப் போகும். வளரும் குழந்தைக்கு அது பெரிய நன்மைதான். கட்டியை அடக்குவதில் வழக்கமான கதிர்வீச்சும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. காப்பீடு ஏற்று, தேதியும் தள்ளாமல் கிடைத்தால் போங்கள். அதற்காகக் கடனில் மூழ்கவோ வாரக்கணக்கில் காத்திருக்கவோ வேண்டாம்.

இதே கேள்வி மூளைத்தண்டில் பரவலாக வரும் டி.ஐ.பி.ஜி. கட்டி பற்றியதாக இருந்தால் என் பதில் வேறு. அதை அறுத்து எடுக்க முடியாது; கதிர்வீச்சு சில மாத அவகாசம்தான் தரும். அந்தப் பெற்றோரிடம் கிடைக்கிற விடுப்பு முழுவதையும் இப்போதே எடுங்கள் என்பேன். உங்கள் நிலை அது இல்லை.

உறவினர்கள் உதவ முன்வந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்து, மருத்துவமனை ரசீதுகளை அதோடு சேர்த்து வையுங்கள். 'மூலிகையில் கட்டியைக் கரைக்கிறோம்' என்று வருகிறவர்களுக்கு மட்டும் அதிலிருந்து ஒரு காசும் போக வேண்டாம். இந்த வாரம் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, மருத்துவமனையில் தங்காமல் எடுக்கும் கதிர்வீச்சும் கீமோவும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுதுங்கள். அந்த எண்கள் வந்ததும் கடன் தொகையை முடிவு செய்யலாம்.