மோஷாவ் என்ற கூட்டுறவு விவசாய கிராமம் எப்படித் தோன்றியது?

இஸ்ரேலின் கூட்டு வாழ்க்கைப் பண்ணையான கிப்புட்ஸ் தெரியும், மோஷாவ் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், முதல் மோஷாவான நஹலால் கிராமத்தை வானிலிருந்து எடுத்த படம் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இந்த விஷயத்தில் என்னை இழுத்துவிட்டதே அந்தப் படம்தான். அச்சு அசல் வண்டிச் சக்கரம். சக்கரத்தின் நடுக் குடத்தில் பள்ளிக்கூடம், அலுவலகம் போன்ற பொதுக் கட்டடங்கள். சுற்றிலும் வட்டமாக வீடுகள். வீட்டுக்குப் பின்னால் தொழுவம், அதற்கும் பின்னால் ஆரக்கால் போல விரிந்துகொண்டே போகும் வயல். வரைபடம் போட்டவர் ரிச்சர்ட் காஃப்மன் என்ற கட்டடக் கலைஞர். அந்த வட்டத்தில் எந்த வீட்டுக்கும் முதல் இடமோ கடைசி இடமோ கிடையாது.

இதற்கு வித்து கிப்புட்ஸ் வாழ்க்கையில் சிலருக்கு ஏற்பட்ட மனக்குறை. 1910-இல் தொடங்கிய முதல் கிப்புட்ஸான டெகானியாவில் நிலம், வருமானம், சாப்பாடு எல்லாமே பொது. தன் குடும்பம், தன் அடுப்பு, தன் மாடு என்று வாழ நினைத்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. அதற்காக முதலாளி, கூலி என்ற பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பவும் அவர்களுக்கு மனமில்லை. அங்கே குடியேறிய யூதர்களில் ஒருவரான எலியேசர் யோஃபே 1919-இல் ஒரு சிறு வெளியீட்டில் இதற்கு வழி சொன்னார். நிலம் பொதுச்சொத்து, யாரும் விற்க முடியாது. இடுபொருள் வாங்குவதும் விளைந்ததை விற்பதும் கூட்டாக. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும். கூலியாள் வைக்கக் கூடாது.

எனக்கு இந்தக் கடைசி விதிதான் ஆணிவேராகத் தெரிகிறது. குடும்பம் தன் கையால் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவுதான் நிலம். பேராசைக்கு அங்கேயே அணை விழுந்துவிடுகிறது. நஹலாலில் குடியேறியவை 80 குடும்பங்கள். ஒரு பண்ணைக்கு 100 துனாம், நம் கணக்கில் ஏறக்குறைய 25 ஏக்கர்.

1921 செப்டம்பரில் வந்தவர்களால் உடனே அங்கே குடியிருக்க முடியவில்லை. சதுப்பு நிலம், மலேரியா. பக்கத்துக் குன்றில் கூடாரம் போட்டுத் தங்கி, சதுப்பை வடித்த பிறகுதான் கீழே இறங்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நஹலால் இருக்கும் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நிலம் பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பத்திடம் வாங்கப்பட்டது. அந்த விற்பனைகளால் அங்கே குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த அரபு விவசாயிகள் பலர் வெளியேற நேர்ந்தது. தன் கையால் உழுதவர்கள்தான் அவர்களும்.