முன் பிரேக்கா, பின் பிரேக்கா? சங்கத்துக் கேள்வி பதில்

எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் போன மாதக் கூட்டத்தில் நேரம் போதாமல் விட்ட கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்து சேர்ந்தன. திருகோணமலையில் இருபத்தைந்து வருடமாகக் கராஜ் வைத்திருப்பவன் என்ற அளவில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் எழுதிய பதில்களை வாசித்தவர்கள் அனுப்பிய மறுப்புகளையும் இடையில் சேர்த்திருக்கிறேன்.

நிலாவெளித் தம்பி: அண்ணா, அலஸ்தோட்டத்துக்குப் பக்கத்தில் வீதியில் கிடந்த மணலில் முன் பிரேக் பிடித்து விழுந்துவிட்டேன். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று அப்பா சொல்கிறார். சரியா?

காயம் முதலில் ஆறட்டும் தம்பி. அப்பா சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்னுக்குச் சாயும். முன் டயர் வீதியை நன்றாக அழுத்திப் பிடிக்கும், பின் டயர் இலேசாகிவிடும். இலேசான டயரை இறுக்கினால் அது உருளாமல் வழுக்கத்தான் செய்யும். அதனால் காய்ந்த தார் வீதியில் வண்டியை நிறுத்தும் பலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் பிரேக்கிலிருந்துதான் வருகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் போய்த்தான் நிற்பீர்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 17 மீற்றர் ஓடுகிறது. மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு செக்கன் செலவாகிவிடும். மிஞ்சியிருக்கும் தூரம்தான் உங்கள் உயிர்.

மணலில் கதை வேறு. மழை கழுவிக் கொண்டுவந்த மணலோ, லொறியிலிருந்து சிந்திய மணலோ, அதன்மேல் முன் டயருக்குப் பிடி இல்லை. வண்டி வளைந்திருக்கும் நேரத்தில் அங்கே முன் பிரேக்கை இறுக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் தரையில் கிடப்போம். ஆகவே மணலுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மணலில் ஏறும்போது வண்டி நிமிர்ந்திருக்கட்டும், ஹாண்டிலை நேராக வைத்திருங்கள். அப்படியும் தேவைப்பட்டால் பின் பிரேக்கை மெதுவாகத் தொடலாம். உங்களை விழுத்தியது பிரேக் அல்ல, அதைப் பிடித்த இடமும் பிடித்த விதமும்தான்.

தார் வீதியில் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கைத் தேசிக்காய் பிழிவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வெட்டென்று இழுக்கக் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளுகிறது. பயமாக இருக்கிறது.

2009இல் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில், ஏறித்தான் கடந்தோம், உங்களுக்கும் நினைவிருக்கும் நானா. இப்போது ஏறத்தாழ 400 மீற்றர் திறந்த வெளி, தடுக்க ஒரு மரம் இல்லை. கச்சான் காற்று வீசும் காலத்தில் அது பக்கவாட்டில் தள்ளத்தான் செய்யும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கை விறைத்தால் வண்டியும் ஆடும். வேகத்தைக் குறைத்து, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொள்ளுங்கள். லொறி பக்கத்தில் வரும்போது காற்று சட்டென்று நிற்கும், கடந்து போனதும் மறுபடி அடிக்கும். அந்த நேரத்துக்குத் தயாராக இருந்தால் போதும்.

சந்தைக்குப் போகும் ஒருவர்: வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அதற்கும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, ஹெல்மெட் அணிவது விபத்தில் சாவை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக் காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. சந்தைக்குப் போகும் வழியிலும் அதே தலைதான்.

இதோடு ஒன்று. பட்டியைப் பூட்டுங்கள். என் நண்பன் ஒருவன் 30 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்தான். பட்டி பூட்டாத ஹெல்மெட் அவன் தலை தரையில் படுவதற்கு முன்பே கழன்று உருண்டுவிட்டது. அந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு ஒரு காது இன்றுவரை கேட்பதில்லை.

சாம்பல்தீவு ஐயா: நிலாவெளித் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பேரன் வாசித்துக் காட்டினான். 1986 முதல் ஓட்டுகிறேன். முன் பிரேக்கைத் தொட்டதில்லை, விழுந்ததும் இல்லை. பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. நீங்கள் பழகிய காலத்தில் வீதிகள் பெரும்பாலும் கிறவலும் மணலும். அங்கே பின் பிரேக்தான் காப்பாற்றியது. முன் பக்கம் இருந்ததும் சின்ன ட்ரம் பிரேக், பிடித்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓட்டிய வேகமும் குறைவு. இன்று அதே நிலாவெளி வீதி நல்ல தார், வண்டிகளில் டிஸ்க் பிரேக், பேரன் ஓட்டுவது 150 சிசி. வீதியும் வண்டியும் மாறிய பிறகு பழக்கமும் மாறத்தான் வேண்டும்.

ஐயாவுக்கு ஆதரவாக மூன்று பேர்: முன் பிரேக் பிடித்தால் ஆள் தலைக்கு மேலால் பறப்பார். நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பார்த்திருப்பீர்கள். பயத்தில் வெட்டென்று முழுப் பலத்தோடு இழுத்தவரைப் பார்த்திருப்பீர்கள். பழக்கம் இல்லாத கைதான் அப்படி இழுக்கும். ஒரு நாளும் முன் பிரேக்கைத் தொடாதவர், மாடு குறுக்கே வரும் அந்த ஒரு நாளில் பயத்தில் இரண்டையும் சேர்த்து நசுக்கிவிடுகிறார். தினமும் மெதுவாகப் பிடித்துப் பழகச் சொல்வது அதற்காகத்தான்.

ஸ்கூட்டி ஓட்டும் தங்கச்சி: எனக்குக் காலில் பிரேக்கே இல்லை. எதைப் பிடிப்பது?

வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். சில புது ஸ்கூட்டிகளில் இடது கையைப் பிடித்தாலே இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்யும். அப்படி இருந்தாலும் வலது கையையும் சேர்த்துப் பிடியுங்கள். ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் குழியில் சட்டென்று இறங்கும், மழை வெள்ளம் நிற்கும் இடங்களில் கவனம். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், பின்னால் இருப்பவரின் சேலையோ அபாயாவோ சக்கரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமத்து அக்கா: இவர் மகனை டாங்கில் இருத்தி, மகளை எங்கள் நடுவில் வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார். நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்களாவது சொல்லுங்கள்.

அண்ணை, வாசித்தால் இது உங்களுக்கு. பின்னால் ஒருவரை மட்டும் ஏற்றத்தான் சட்டமும் இடம் தருகிறது. முன்னால் இருக்கும் பிள்ளை, நீங்கள் பிரேக் பிடித்ததும் உங்கள் நெஞ்சுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் நசுங்கும். பஸ்ஸில் போங்கள், அல்லது ஓட்டோ பிடியுங்கள். காசு இல்லாத நாளில் இரண்டு தடவையாகக் கூட்டிப் போங்கள்.

பலர்: கிட்டத்துக்கு ஹெல்மெட்?

மேலே சொல்லிவிட்டேன்.

புதிதாகச் சேர விரும்பும் ஒருவர்: சங்கத்தில் சேரப் பெரிய பைக் வேண்டுமா? என்னுடையது 100 சிசி, பின்னால் மீன் பெட்டி வேறு.

வாருங்கள். கூட்டமாகப் போகும்போது நாங்கள் மிக மெதுவான வண்டியை இரண்டாவதாக விடுவோம், வழிநடத்துபவர் அவர் வேகத்தில்தான் போவார். அனுபவசாலி ஒருவர் கடைசி. ஒரே வரியில் ஒட்டிப் போகாமல் இடம் வலம் மாற்றி, முன்னவரோடு இரண்டு செக்கன் இடைவெளி. சந்தியில் ஒவ்வொருவரும் தன் பின்னால் வருபவர் தெரியும் வரை நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை வைத்த பிறகு யாரும் வழி தவறவில்லை, யாரும் துரத்தி ஓடவும் இல்லை. செத்த வீட்டுக்கும் இப்படித்தான் சேர்ந்து போகிறோம்.

பெட்டியைப் பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக் கட்டாதீர்கள், முன் சக்கரம் இலேசாகிவிடும். உப்புத் தண்ணீர் வடிந்தால் பிரேக்கும் செயினும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர் என்பதால் எங்கள் எல்லோருக்குமே இது இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். டிஸ்க்கில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

ஒருவர்: இன்சூரன்ஸ் காசு வர இழுபடுகிறது.

என் துறை இல்லை. முகவரைக் கேளுங்கள்.

உவர்மலைத் தம்பி: இரவில் நகருக்குள் மான் குறுக்கே வந்தது.

கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் வீதிக்கு வருவது உங்களுக்கே தெரியும். ஒன்று கடந்துவிட்டது என்று முறுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். வெளியே போனால் மாடு, லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை. இருட்டிய பின் அந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் போகவே வேண்டாம். யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், தூரத்திலேயே திரும்பிவிடுங்கள்.

ஒரு மாணவி: விபத்தைக் கண்டால் முதலில் என்ன செய்வது?

நல்ல கேள்வி மகள். பின்னால் வரும் வாகனங்களை நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். விழுந்தவரைத் தூக்கி ஓட்டோவில் மடக்கிப் போடாதீர்கள், கழுத்தும் முதுகும் அசையக் கூடாது. மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் முன் கண்ணாடியை மட்டும் திறவுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம்.

மறுபடியும் சாம்பல்தீவு ஐயா: நேரில் காட்டு, நம்புகிறேன்.

காட்டுகிறேன் ஐயா. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் பேரனோடு வாருங்கள். 40 கிலோமீற்றரில் வந்து, சுண்ணாம்புக் கோட்டில் ஒரு தடவை பின் பிரேக் மட்டும், ஒரு தடவை இரண்டும். நீங்களே அளவு நாடாவைப் பிடியுங்கள். நிலாவெளித் தம்பியும் காயம் ஆறியிருந்தால் வரட்டும். ஹெல்மெட் பட்டி பூட்டாமல் வருபவரை மைதானத்தில் ஓட விடமாட்டேன்.