சொந்த உயிரணுவில் எலும்பு வளர்த்துப் பல் பதிக்க முடியுமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் போய்ப் பல ஆண்டுகளாகித் தாடை எலும்பு கரைந்துவிட்டது, அவருடைய உயிரணுவிலிருந்தே எலும்பு வளர்த்து இம்பிளாண்ட் (தாடையெலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாமா என்று.

முடியும். ஆனால் பக்கத்துத் தெருக் கிளினிக்கில் கிடைக்கிற சிகிச்சை அல்ல. நாற்றங்கால் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ, எலும்பைப் போர்த்திய மெல்லிய சவ்விலிருந்தோ கொஞ்சம் உயிரணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரங்கள் பெருக்குகிறார்கள். பிறகு கால்சியம் பாஸ்பேட்டால் ஆன, பஞ்சுபோல் துளை நிறைந்த தாங்கு சட்டத்தில் ஏற்றித் தாடையில் நடுகிறார்கள். அது எலும்பாக இறுகச் சில மாதங்கள் பிடிக்கும்.

சிக்கல் பாசனத்தில்தான். ரத்தக் குழாய்கள் ஓரத்திலிருந்து உள்ளே வளர வேண்டும். துண்டு பெரிதானால் நடுவிலுள்ள உயிரணுக்கள் கடைமடைப் பயிர்போல் காய்ந்துவிடும். செலவும் கொஞ்சமல்ல.

இப்போதைக்கு நடைமுறை வழி, மோவாயிலிருந்தோ தாடையின் பின்புறத்திலிருந்தோ எலும்பெடுத்து ஒட்டுவது, அல்லது பதப்படுத்திய எலும்புத் துகள் வைப்பது. (துகள் பல நேரம் மாட்டெலும்பிலிருந்து வருவது, முகம் சுளிப்பீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், செயற்கைத் துகளும் உண்டு.) அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுபவரானால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். எந்த ஒட்டும் தோற்கும் வாய்ப்பை அது கூட்டும்.