ஜிங்கிள் போடுகிற பையனும் இசையமைப்பாளன்தான்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 24 வயது. கணக்கியல் படித்தான், ஆனால் அந்த வேலைக்குப் போகவில்லை. சின்ன நாடகக் குழுக்களுக்கும் வானொலி விளம்பரங்களுக்கும் இசை போட்டுக் கொடுக்கிறான். கிதார் தானாகக் கேட்டுப் பழகியதுதான், முறையாக இசை படித்ததில்லை. சினிமாவுக்கு இசையமைக்கப் போகிறேன் என்கிறான். கடன் வாங்கியாவது இசையில் முதுநிலைப் படிப்பு படிக்க வைக்கலாமா, கணக்கு வேலைக்கே திரும்பச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் விசாரிக்கும்போது 'ஜிங்கிள் போடுகிறான்' என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், மற்ற கேள்விகளுக்கெல்லாம் வேர் அதுதான். நீங்கள் வாழும் நாட்டில் ஜார்ஜ் ஃபென்டன் என்றொரு இசையமைப்பாளர் இருக்கிறார். 1982இல் வந்த 'காந்தி' படத்துக்குச் சிதார் கலைஞர் ரவிசங்கரோடு சேர்ந்து இசையமைத்தவர். ஐந்து முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். 1980களில் பிபிசியின் ஆறு மணிச் செய்திக்கும் ஒன்பது மணிச் செய்திக்கும் தொடக்க இசை போட்டவரும் அவரேதான். 'நியூஸ்நைட்' நிகழ்ச்சிக்கும் அவர்தான் போட்டார்.

செய்தி இசை லேசான வேலை இல்லை. அடுக்களையில் இருப்பவரைச் சில நொடிக்குள் கூடத்துக்கு வரவழைக்க வேண்டும். தலைப்புச் செய்திகளுக்கு நடுவே எங்கு வெட்டினாலும் காதில் இடறக் கூடாது. போர்ச் செய்தி வரும் நாளிலும் தேர்தல் முடிவு வரும் நாளிலும் ஒரே இசை பொருந்தி நிற்க வேண்டும். இதைச் செய்து பழகிய கைக்குப் படத்தின் ஒரு காட்சியில் எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது என்பது தெரியும். உங்கள் மகன் முப்பது நொடி விளம்பரத்தில் பழகிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

ஃபென்டனும் கையால் செய்து செய்தே தொழில் கற்றவர். 1968இல் நாடக ஆசிரியர் ஆலன் பென்னட்டின் நாடகம் ஒன்றில் பள்ளிச் சிறுவர்களில் ஒருவராக நடித்தார். 1974இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவுக்காக ஒரு நாடகத்துக்கு இசையமைத்தார். 70களின் கடைசியில் அதே பென்னட் எழுதி, ஸ்டீபன் ஃபிரியர்ஸ் இயக்கிய தொலைக்காட்சி நாடகத்துக்கு இசை போட்டார். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1988இல் அதே ஃபிரியர்ஸ் இயக்கிய 'டேஞ்சரஸ் லையசன்ஸ்' அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தது. 1994இல் பென்னட் திரைக்கதை எழுதிய 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்' படத்துக்கும் இவர்தான் இசை. அட்டன்பரோ சகோதரர்கள் கதையும் இப்படித்தான். அண்ணன் ரிச்சர்ட் இயக்கிய 'காந்தி', 'க்ரை ஃப்ரீடம்', 'ஷேடோலேண்ட்ஸ்' படங்களுக்கு இவர் இசை. தம்பி டேவிட் வர்ணனை தந்த 'தி ப்ளூ பிளானட்', 'பிளானட் எர்த்' என்ற இயற்கை ஆவணத் தொடர்களுக்கும் ஃபென்டன்தான். இயக்குநர் கென் லோச்சோடு 1994இல் தொடங்கிய உறவு பல படங்களுக்கு நீண்டது.

இதைப் படித்துவிட்டு உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். அவன் இசை போடும் நாடகங்களை இயக்குகிறவர்கள் யார், அவர்களோடு ஒத்துப்போகிறதா? சொன்ன தேதிக்குக் கொடுக்கிறானா? இயக்குநர் 'இது வேண்டாம்' என்றால் முகம் சுளிக்காமல் மாற்றுகிறானா? இந்தத் தொழிலில் வாய்ப்பு பெரும்பாலும் ஏற்கெனவே கூட வேலை செய்தவர்கள் வழியாகத்தான் வரும். இன்று நாடகம் போடும் 25 வயதுப் பெண்தான் பத்து வருடம் கழித்துத் தொலைக்காட்சித் தொடர் இயக்குவாள்.

சரி, படிப்புக்கு வருவோம். பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் இசையமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நல்ல இடம். பாடத்தைவிட, அங்கே படிக்கும் இளம் இயக்குநர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கிடைப்பது பெரிய லாபம். ஆனால் கடன் வாங்கி இந்த வருடமே சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்வரக் குறிப்பு எழுதவும் வாசிக்கவும் ஓர் ஆசிரியரிடம் இப்போதே தொடங்கட்டும். வாத்தியக்காரர்கள் முன்னால் காகிதத்தை வைக்கும் நாளில் அது இல்லாமல் திணறுவான். இரண்டு மூன்று குறும்படங்கள் கையில் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் தேர்வாகவும் வாய்ப்பு கூடும்.

தெரியாததைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் பணிவும் வேண்டும். 'காந்தி'யில் இந்திய இசைக்கு ரவிசங்கர் இருந்தார். தென்னாப்பிரிக்கக் கதையான 'க்ரை ஃப்ரீட'த்துக்கு அந்த நாட்டுக் கலைஞர் ஜோனாஸ் குவாங்வா கூட இருந்தார். இரண்டிலும் ஃபென்டனின் பெயர் இன்னொருவர் பெயரோடு சேர்ந்தே வருகிறது. அதனால் அவர் சிறுத்துப் போய்விடவில்லை. 'ப்ளூ பிளானட்' படப்பிடிப்பிலிருந்து உருவான 'டீப் ப்ளூ' படத்துக்கு அவர் எழுதிய இசையைப் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவே வாசித்தது.

கணக்கு வேலையை முழுசாகக் கைகழுவ வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் வாடகைக்கு ஆகும், மற்ற நாள் இசைக்கு. முதல் சில வருடங்களில் இசையை மட்டும் நம்பி லண்டனில் வாழ்வது மிகக் கடினம். அவனிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அவன் படித்த கணக்கு இங்கே வீணாகாது. பிரிட்டனில் இசையமைப்பாளருக்குக் கூலி ஒரு பங்கு, இசை பயன்படும்போது வரும் உரிமைத்தொகையான ராயல்டி இன்னொரு பங்கு. வானொலியிலோ டிவியிலோ ஒலிபரப்பாகும் இசைக்கான ராயல்டியை பிஆர்எஸ் அமைப்பு வசூலித்துக் கொடுக்கிறது. அதில் அவன் உறுப்பினராக இருக்கிறானா என்று இன்றைக்கே கேளுங்கள். எந்த இசை எத்தனை நொடி வந்தது என்று தயாரிப்பாளர் நிரப்பும் க்யூ ஷீட்டில் அவன் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். சில ஒப்பந்தங்கள் 'பை-அவுட்' என்ற பெயரில் ஒரே தொகையைக் கையில் கொடுத்து, எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு காகிதம் வந்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.