டர்போ போட்ட காரில் கூலன்ட் வழியை மாற்றினால் ஏற்காடு ஏறும்போது கொதிப்பது நிற்குமா?

கேட்டவரின் கார் இப்படி: முன்சக்கர டிரைவ் காரிலிருந்து எடுத்த 1.6 லிட்டர் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்து, பின்சக்கரத்துக்கு டிரைவ் கொடுத்து, டர்போவும் போட்டுக் கட்டிய இரண்டு சீட்டர். ஃபயர்வால் (எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) பக்கம் இடம் போதாததால் ஹெட்டின் (எஞ்சினின் மேல்பாகம்) பின்னால் இருந்த தண்ணி வாயை அடைத்து, அவுட்லெட்டை முன்பக்கம் கொண்டுவந்திருக்கிறார். சேலம் டவுனுக்குள் தொல்லை இல்லை. ஏற்காடு மலையில் பாதி ஏறுவதற்குள் சூடு காட்டும் ஊசி மேலே போய்விடுகிறது. மாஸ்டா மியாட்டா என்ற இரண்டு சீட்டர் காரை வைத்திருப்பவர்கள் செய்யும் கூலன்ட் ரீரூட் (தண்ணி ஓடும் வழியை மாற்றுவது) தனக்கும் உதவுமா என்கிறார்.

உங்கள் எஞ்சினுக்கு அது என்றைக்காவது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மலையில் கொதிப்பதற்குக் காரணம் அதுவாக இருக்காது என்பது என் கணிப்பு. இரண்டும் வேறு வேறு நோய்.

முதலில் மியாட்டாவின் கதை. 1989-ல் வந்த அந்தக் காரின் எஞ்சின், 323 என்ற முன்சக்கர டிரைவ் காரின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே எஞ்சின் குறுக்கே உட்காரும். வாட்டர் பம்ப் ஒரு முனையில், சூடான தண்ணி வெளியேறும் வாய் எதிர் முனையில். தண்ணி நாலு சிலிண்டரையும் கடந்துதான் வெளியே போக முடியும். மியாட்டாவில் எஞ்சினை நீளவாக்கில் திருப்பியபோது பின்முனை ஃபயர்வாலை ஒட்டி வந்துவிட்டது. அதனால் தெர்மோஸ்டாட்டை (தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) முன்னால் வைத்து, பின்வாயை ரப்பர் மூடி போட்டு அடைத்தார்கள். பம்பும் முன்னால், வெளியேறும் வாயும் முன்னால். தண்ணி சுருக்கு வழியைத்தானே பிடிக்கும்? முதல் சிலிண்டர் தலைமடை, நாலாவது கடைமடை. முறை வைத்துத் திறந்துவிட ஆள் இல்லாத வாய்க்காலில் கடைமடைக்கு என்ன கிடைக்குமோ அதுதான் அதற்கும்.

கம்பெனி கொடுத்த பவரில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து கிளம்புவதால், அந்த ஓட்டமாவது நாலாவது சிலிண்டரைத் தொட்டுப் போகும். பின்னாளில் மாஸ்டாவே ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டின் துளைகளை மாற்றி, தண்ணியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தது. டர்போ போட்டு டிராக்கில் ஓட்டத் தொடங்கியவர்களுக்குத்தான் இந்த அமைப்பு இடித்தது. அவர்கள் தெர்மோஸ்டாட்டைப் பழையபடி பின்முனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு பைப்பை எஞ்சின் ஓரமாக முன்னால் இழுத்து ரேடியேட்டர் மேல் டேங்கில் சேர்த்தார்கள். ரீரூட் என்பது இவ்வளவுதான். ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம் இதனால் பெரிதாகக் கூடிவிடாது. முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும் இருக்கும் சூட்டு வித்தியாசம் குறையும்.

இப்போது மலைக்கு வருவோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆளோடு சேர்த்து 1 டன் எடையுள்ள காரை 1200 மீட்டர் தூக்க, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால், தூக்குவதற்கு மட்டும் சராசரியாக 9 குதிரைசக்தி போதும். உருளும் தடை, வளைவுக்கு வளைவு நின்று கிளம்புவது எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினில் தண்ணிக்குப் போகும் வெப்பம் தோராயமாக அது சக்கரத்துக்குக் கொடுக்கும் பவருக்குச் சமம். 1.6 லிட்டர் எஞ்சினின் ரேடியேட்டருக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை. ஆளை அடைத்துக்கொண்டு போகிற பஸ் தினமும் ஏறுகிற ரோடு அது.

அப்புறம் ஏன் கொதிக்கிறது? கொண்டை ஊசி வளைவு 20 இருக்கிற ரோட்டில் 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் மாட்டினால் அதுவும் இல்லை. அந்த வேகத்தில் காற்று தானாக ரேடியேட்டருக்குள் நுழையாது, முழுக்க ஃபேன் தயவுதான். கையால் கட்டிய கார்களில் நான் அதிகம் பார்க்கிற குறையும் அங்கேதான் இருக்கிறது. ஃபேனை ரேடியேட்டர் மேல் நேரடியாகக் கட்டியிருப்பார்கள், காற்றை ரேடியேட்டர் முழுக்க இழுக்கவைக்கும் ஷ்ரவுட் என்ற கூடு சுற்றி இருக்காது. ஃபேன் வட்டத்துக்கு நேராக இருக்கிற இடம் மட்டும் குளிரும், மீதி ரேடியேட்டர் சும்மா கிடக்கும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை வேறு முன்னால் வைத்து மறைத்திருப்பார்கள். வயரை மாற்றிக் கொடுத்ததால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிற காரையும் பார்த்திருக்கிறேன். ஃபேன் ஓடும்போது ஒரு பேப்பரை கிரில் பக்கம் நீட்டுங்கள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

காற்று சரியாக இருந்தால் அடுத்தது அளந்து பார்ப்பது. தூரத்திலிருந்து சூடு காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அதை நேராகக் காட்டினால் பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் ஹெட்டின் முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று, ரேடியேட்டரின் மேல் கழுத்திலும் கீழ்க் கழுத்திலும் ஒவ்வொன்று என்று கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டுகளை ஒட்டி, அதன்மேல் காட்டுங்கள். டேஷ்போர்டு ஊசியை நம்பாதீர்கள். பல கார்களில் அது ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது அசைகிறபோது காரியம் கெட்டிருக்கும்.

மலையில் சூடாகும் நேரத்தில், பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் அளக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் கழுத்தில் 105 டிகிரி, கீழ்க் கழுத்தில் 100 என்றால் தண்ணி ஓடுகிறது, ரேடியேட்டர்தான் சூட்டை விடவில்லை: காற்று இல்லை, அல்லது உள்ளே உப்பு படிந்திருக்கிறது. மேலே 105, கீழே 60 என்றால் தண்ணியே சரியாக ஓடவில்லை: தெர்மோஸ்டாட், பம்ப், ஏர் லாக் (உள்ளே மாட்டிக்கொண்ட காற்று), ஒட்டிப்போன ஹோஸ் என்று தேடலாம். இரண்டும் ஒழுங்காக இருந்து, ஹெட்டின் முன்னுக்கும் பின்னுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அப்போது ரீரூட் பற்றிப் பேசலாம்.

உப்பு என்றேன். சேலத்துக்காரர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலைக்குப் போகிற வழியில் பார்க்கிற சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். இந்தப் பக்கத்து போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றுவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளை உப்பை ரேடியேட்டருக்குள் வளர்ப்பதும் ஒன்றுதான். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. வேறு எதுவும் வேண்டாம். பழைய செம்பு ரேடியேட்டராக இருந்தால் சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ரேடியேட்டர் பார்க்கிறவர்கள் டேங்கைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்துவிடுவார்கள். கையோடு மூடியையும் புதிதாகப் போடுங்கள். ஏற்காடு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணி 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 115 வரை தாங்கும், கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. ரப்பர் செத்த மூடி இந்த லாபம் முழுவதையும் தின்றுவிடும்.

இன்னொரு ஊர்ப் பழக்கம், ஹீட்டர் ஹோஸை அடைப்பது. சேலம் வெயிலில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று, ஹீட்டர் ஒழுகியதும் இரண்டு முனையையும் போல்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். பின்வாய் அடைத்த எஞ்சினில் கடைசி சிலிண்டருக்கு இருந்த ஒரே ஓட்டமும் அதோடு போச்சு. உங்கள் காரில் அடைத்திருந்தால், ஹீட்டரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு முனையையும் ஒரு ஹோஸால் இணைத்து ஓட்டம் கொடுங்கள். காசு செலவில்லாத பாதி ரீரூட் அது.

முழு ரீரூட் எப்போது பலன் தரும் என்பதற்கு நண்பர் ஒருவரின் கார் உதாரணம். உங்களுடையதைப் போலவே திருப்பி வைத்த எஞ்சின், டர்போ. ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போய் வரும். கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்கில் முழு மிதியில் ஓட்டினால்தான் வம்பு. நாலாவது பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெளுத்து, அதன்மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். மற்ற மூன்றும் நல்ல பழுப்பு. நாலாவது சிலிண்டர் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாவதன் அடையாளம் அது. டேப் ஒட்டி அளந்தபோது முன்னால் 88, பின்னால் 101. அம்மாப்பேட்டை லேத்தில் ஒரு அலுமினியத் தகடு கடைந்து, பின்வாயில் தெர்மோஸ்டாட் உட்காரும்படி செய்தோம். வரைபடத்தைப் பார்த்த லேத் அண்ணன், “தண்ணி போற வழிய மாத்துறது இருக்கட்டும் தம்பி, இப்ப போகுதான்னு பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். முடித்த பிறகு வித்தியாசம் 3, 4 டிகிரிக்குள் வந்தது, பிளக்குகளும் ஒரே நிறம். ரேடியேட்டர் கீழ்க் கழுத்தில் அளந்த சூடு மட்டும் முன்பு இருந்தபடியேதான் இருந்தது.

செய்வதாக இருந்தால் சில விஷயங்கள். பைப்பை டர்போ பக்கம் கொண்டுபோகாதீர்கள், இன்டேக் பக்கமாக இழுங்கள். பைப் முனைகளில் சுற்றிலும் மேடாக ஒரு உதடு போடச் சொல்லுங்கள். வழுவழு பைப்பில் எவ்வளவு கிளிப் இறுக்கினாலும் அழுத்தத்தில் ஹோஸ் நழுவும். முன்பக்க அவுட்லெட்டை முழுதாக அடைத்துவிடுங்கள். ஹீட்டர் ஓட்டம் தெர்மோஸ்டாட்டின் எஞ்சின் பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும், இல்லையென்றால் மூடியிருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடான தண்ணி வந்தது தெரியாமல் திறக்கத் தாமதிக்கும். ஈசியூவுக்கும் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) மீட்டருக்கும் போகும் சென்சார்களையும் இந்த ஓட்டத்திலேயே வையுங்கள்.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, எல்லாம் சரியாகும்” என்று யாராவது ஒரு மெக்கானிக் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்குத் திரும்பும் குறுக்கு வழி) மூடுகிற வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே பம்புக்குத் திரும்பிவிடும். டவுனில் குளிராகக் கிடக்கிற எஞ்சின், மலையில் முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

கடைசியாக ஏர் லாக். ரீரூட் செய்தபின் பைப்பின் மேடான இடம் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் வந்துவிடும். அங்கே காற்றை வெளியே விட ஒரு சின்ன பிளீட் ஸ்குரூ வைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டில் குட்டி ஊசி ஆடும் துளை இருந்தால் அது மேலே பார்த்து இருக்கட்டும், இல்லையென்றால் 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுங்கள். ஸ்குரூவைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். குமிழி நின்று தண்ணி மட்டும் வரும்போது மூடி, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிடுங்கள். மறுநாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிட்டு மலைக்குக் கிளம்பலாம். டேப்பையும் துப்பாக்கியையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.